டோக்கியோ வார்டுகளின் தன்னார்வ ஜப்பானிய வகுப்பு: தமிழ் பேசுபவருக்கு எது எளிது, எங்கே சறுக்கும்?

கீழைக்காற்று (இழை தொடக்கம்)

எதோகவா, கோதோ வார்டுப் பக்கம் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள், வேலைக்குப் போகிறவரின் துணைவரும் ஜப்பானியம் கற்க வழி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தனியார் பள்ளிக் கட்டணம் எல்லோருக்கும் கட்டாது. வார்டு நடத்தும், அல்லது சமூகக் கூடங்களில் நடக்கும் தன்னார்வ வகுப்புகளைப் பற்றி ஒரே இடத்தில் தொகுப்போம். எப்படிச் சேர்வது, அங்கே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, தமிழ் தெரிந்தவருக்கு எது கைகொடுக்கும். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நிஷிகசாய்வாசி

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் முழுக்க இத்தகைய வகுப்புகளில் பல 'கோமின்கன்' எனப்படும் சமூகக் கூடங்களில் நடக்கின்றன. போருக்குப் பின் 1946-இல் கல்வி அமைச்சு தொடங்கிவைத்த ஏற்பாடு அது. 1949-இன் சமூகக் கல்விச் சட்டத்தில் இடம்பெற்றது. பெரியவர்களுக்கான பொதுக் கல்விக்கு என்றே கட்டியவை என்பதால் சமையலறை, தாத்தாமி (கோரைப்பாய்) விரித்த அறை, கூட்ட அறை எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கும். மொழி வகுப்போடு தேநீர், தூரிகை எழுத்து எல்லாம் சேர்ந்தே வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கற்பிப்பவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்கள், இல்லத்தரசிகள், மாணவர்கள். ஜப்பானில் ஜப்பானியம் கற்பிப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தன்னார்வலர்களே. 2019 ஜூனில் ஜப்பானிய மொழிக் கல்வி மேம்பாட்டுச் சட்டம் வந்தது. வெளிநாட்டவருக்கு மொழி கற்பிப்பதில் அரசுக்கும் உள்ளாட்சிக்கும் பொறுப்பு உண்டு என்று அதில் எழுதிவைத்தார்கள். ஆனாலும் வகுப்பறையில் உங்கள் எதிரே உட்காருபவர் சம்பளம் வாங்காதவர் என்பதை மறக்கக் கூடாது.

சேரும் முறை: வார்டு அலுவலகத்திலோ, சர்வதேசப் பரிமாற்றச் சங்கத்திலோ வகுப்புப் பட்டியல் கேளுங்கள். கிழமை, நேரம், குழந்தையை அழைத்து வரலாமா, எந்த நிலைக்கு இடம் இருக்கிறது என்று நான்கையும் கேட்டுவிடுங்கள். பல வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கி, செப்டம்பர் அல்லது அக்டோபரில் மறுபடி ஆள் சேர்க்கும். நடுவில் போனால் காத்திருப்போர் பட்டியல்தான். முதல் நாள் பத்து நிமிடப் பேச்சு வைத்து நிலையைப் பார்ப்பார்கள். கட்டணம் இல்லாத இடமும் உண்டு. வாங்கும் இடத்தில் ஒரு வகுப்புக்கு சில நூறு யென் இருக்கும். பாடநூலை நாம்தான் வாங்க வேண்டும். ஒரு தன்னார்வலருக்கு ஒருவரோ, மூன்று நான்கு பேரோ, 90 நிமிடம் அல்லது இரண்டு மணி நேரம்.

மாணவர் விசாவுக்கு இந்த வகுப்பு உதவாது. வேலைக்குக் காட்டும் சான்றிதழாகவும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இது தெரியாமல் சேர்ந்து மூன்றாம் மாதம் ஏமாற்றத்தோடு விலகுகிறவர்கள் நிறைய.

கீழைக்காற்று

வாரம் ஒரு வகுப்பு என்றால் என்5 தேர்வுக்கு (ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலை) அது போதுமா?

கணக்கன்

போதாது. கூட்டிப் பாருங்கள். வாரம் 2 மணி, ஆண்டுக்கு 40 வாரம் (கோடை விடுமுறை, புத்தாண்டு போக): மொத்தம் 80 மணி. ஐந்து நிலைகள் வருவதற்கு முன், 2009 வரை இருந்த பழைய தேர்வு முறையில் மிக எளிய நிலைக்கு 150 மணி நேரப் படிப்பு, 100 காஞ்சி (சீன வழி எழுத்து), 800 சொல் என்று அளவு சொல்லியிருந்தார்கள். அதற்கு அடுத்த நிலைக்கு 300 மணி, 300 காஞ்சி, 1500 சொல். இன்றைய என்5, என்4-க்கும் அதை மதிப்பீடாக வைத்துக்கொள்ளலாம். மீதி 70 மணி நேரத்தை வீட்டில் ஈடுகட்ட வேண்டும்; வாரம் இரண்டு மணி. மறதிக்கும் சேர்த்து மூன்று என்று வையுங்கள்.

இன்னொன்று. அந்தத் தேர்வில் பேச்சும் இல்லை, கையால் எழுதுவதும் இல்லை. எல்லாம் விடை வட்டத்தைக் கறுப்பாக்குவதுதான். என்5-இல் 180-க்கு 80 எடுத்தால் தேர்ச்சி; ஆனால் கேட்டல் பகுதியில் 60-க்கு 19, மற்றதில் 120-க்கு 38 தனித்தனியே எடுத்தாக வேண்டும். மொத்தம் 110 வாங்கியும் கேட்டலில் 18 என்றால் தோல்வி. சமூக வகுப்பு இந்தக் கேட்டல் பகுதிக்குத்தான் பெரிய உதவி. இலக்கணத்தை வீட்டில் படியுங்கள், வகுப்பில் வாயைத் திறங்கள். இரண்டு மணி நேரத்தையும் பாடநூலின் பயிற்சியை நிரப்பிக் கழிப்பது வீண்.

டிசம்பர்த் தேர்வுக்கு ஜப்பானில் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் பதிவு. நவம்பரில் விசாரித்தால் அடுத்த ஜூலைதான்.

மாத்திரை

கணக்கன் சொன்னதோடு ஒன்று: வகுப்புக்குப் போகும் முன்பே ஹிரகனா என்ற ஒலியெழுத்து 46-ஐயும் முடித்துவிடுங்கள். நாளைக்கு ஐந்து எழுத்து, பத்து நாள். பிறகு வெளிச்சொற்களுக்கான கதகனா 46.

நோட்டில் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதவே எழுதாதீர்கள். இந்த இழையில் வேறு வழியில்லாமல் எழுதுகிறோம், அது வேறு. தமிழ்ப் பேச்சாளரின் உச்சரிப்புப் பிழைகளில் முக்கால்வாசி இங்கிருந்துதான் வருகிறது.

காரணம் இது. தமிழில் வல்லினம் சொல் முதலில் கடினம், உயிர்களுக்கு நடுவே மென்மை, மெல்லினத்துக்குப் பின் முழு ஒலிப்பு. நம் எழுத்தில் அதற்குத் தனிக் குறி வேண்டியதில்லை, இடமே சொல்லிவிடும். ஜப்பானியத்தில் இடம் எதையும் சொல்லாது. 'பம்பரம்' என்பதில் முதல் எழுத்தின் ஒலியும் மூன்றாம் எழுத்தின் ஒலியும் அங்கே இரண்டு தனி எழுத்துகள், எங்கே வேண்டுமானாலும் வரும். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் அங்கே உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'கின்'. முன்னது கடுங்க, பின்னது மெல்க. 'நலமா' என்று கேட்கும் 'கெங்கி' இன்னும் நல்ல எடுத்துக்காட்டு: முதல் எழுத்து மென்மை, பின்னது கடினம். நாம் பழக்கத்தில் சரியாகத் தலைகீழாகச் சொல்வோம். வங்கிக்கான 'கிங்கோ'வும் அப்படியே. 'சன்போ' என்றால் நடை. அதில் வரும் 'போ'வைப் பாம்பின் 'பு' போல மென்மையாக்கிவிடுகிறோம். மெல்லினத்துக்குப் பின்னும் வல்லினத்தைக் கடினமாக நிறுத்தப் பழகுங்கள். இந்த ஒன்றைத் திருத்தினாலே எதிரில் இருப்பவர் 'என்ன?' என்று திருப்பிக் கேட்பது பாதி குறையும்.

அடுத்து அளவு. குறில் ஒன்று, நெடில் இரண்டு மாத்திரை என்பது நமக்கு ஊறிய கணக்கு. அத்தை வயதுப் பெண் 'ஒபசன்', பாட்டி 'ஒபாசன்'. ஆங்கில வழியில் படிப்பவர் மாதக்கணக்கில் தடுமாறுகிற இடத்தில் தமிழர் முதல் நாளே நேராகச் சொல்லிவிடுவார். ஆனால் ஒற்றில் மாட்டிக்கொள்வோம். நமக்கு மெய் அரை மாத்திரை. ஜப்பானியத்தில் சொல்லின் நடுவே வரும் இரட்டிப்பும் ஒரு முழு மாத்திரை, 'ன்' ஒலியும் ஒரு முழு மாத்திரை. 'நிப்பொன்' என்ற சொல்லை நாம் இரண்டு அசையாகக் கேட்கிறோம், அவர்கள் நான்கு தட்டாக எண்ணுகிறார்கள். மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள்: நி, ப், பொ, ன்.

'கிதெ' என்றால் 'வந்து'. இதில் 'தெ' கடினம். 'அது'வில் வருவது போல மென்மையாகப் படித்துவிடுவோமோ என்று பயந்து 'கித்தெ' என்று எழுதிக்கொண்டால் அது தபால்தலை ஆகிவிடும். 'கீதெ' என்றால் 'கேட்டு'. மூன்றும் மூன்று சொல். தேதிகளிலும் இதே வம்பு: நான்காம் தேதி 'யொக்க', எட்டாம் தேதி 'யோக' (கடினமான க). மருத்துவரிடம் நேரம் வாங்கும்போது இதைத் தவறவிட்டால் நான்கு நாள் போய்விடும். அதனால் எண்ணையும் சேர்த்து விரலால் காட்டிவிடுவது நல்லது.

ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ட' சொல்வது இன்னொரு தவறு. அவர்களுடைய ஒலி நம் 'த'வுக்குத்தான் பக்கம். அலையை நாம் 'சுனாமி' என்று எழுதி முதலில் உள்ள ட் ஒலியை விட்டுவிட்டோம். அதே பழக்கத்தில் நிலவு 'ட்சுகி' என்பதைச் சொன்னால் 'பிடிக்கும்' என்ற 'சுகி' ஆகிவிடும்.

ஆறுதலுக்கு ஒன்று: 'தெஸ்' என்று கேட்பதன் கடைசியில் எழுத்தளவில் ஓர் 'உ' உண்டு, அது குறைந்து ஒலிக்கும். குற்றியலுகரம் பழகிய காதுக்கு அதை விளக்கவே வேண்டாம்.

யாழ்மகன்

மாத்திரை அண்ணை சொன்னது முழுக்கச் சரி. எங்கட பக்கத்துக்கு இன்னொரு வசதியும் இருக்கு. ஜப்பானியத்தில சுட்டு மூன்று: 'கொரெ' சொல்லுறவருக்குக் கிட்ட, 'சொரெ' கேக்கிறவருக்குக் கிட்ட, 'அரெ' ரெண்டு பேருக்கும் தூரம். கேள்விக்கு 'தொரெ'. வகுப்பில இதை விளங்கப்படுத்தப் படம் எல்லாம் கீறுவினம். யாழ்ப்பாணத் தமிழில இது, உது, அது, எது எண்டு அப்படியே கிடக்கு. உங்கட கையில இருக்கிறது உது. அவ்வளவுதான். இந்தியத் தமிழர் பேச்சில 'உது' போனதால 'சொ' வரிசையில தான் பிழை விடுகினம். எதிர இருக்கிறவர் பிடிச்சிருக்கிற பேனையைக் காட்டி 'அரெ' எண்டு கேக்கினம்.

கொடுக்கிற வாங்கிற சொல்லுகளும் அப்படித்தான். 'குரெரு' எண்டால் எனக்கு, என்ர ஆக்களுக்குத் தாறது. 'அகெரு' எண்டால் மற்றவைக்குக் குடுக்கிறது. தா எண்டது தன்மை முன்னிலைக்கு, கொடு எண்டது படர்க்கைக்கு எண்டு தொல்காப்பியத்தில வகுத்திருக்கு. முன்னிலைக்கு மட்டும் கணக்கு மாறும், 'உங்களுக்குத் தாறன்' எண்டதுக்கு ஜப்பானியத்தில 'அகெரு'. மற்றபடி அந்தப் பிரிவை மனசில வைச்சால் காணும்.

மாத்திரை

அருமை, யாழ்மகன். துணைவினைகளும் இப்படித்தான் பொருந்தும். 'தபெதெ மிரு': சாப்பிட்டுப் பார். 'மிரு' என்றாலே பார்ப்பதுதான். 'கைதெ ஒகு': எழுதி வை. 'மொத்தெ குரு': கொண்டு வா. 'தபெதெ ஷிமௌ': சாப்பிட்டுவிடு. பெயரெச்சமும் அதே வரிசை: 'கினோ கத்த ஹொன்', நேற்று வாங்கிய புத்தகம். இவற்றை ஆங்கில விளக்கத்தில் படித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் விதி. தமிழில் ஒரு வரி. பாடநூலின் ஆங்கில உரையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான்.

'எனக்கு ஜப்பானியம் புரியும்' என்பதில் புரிவது ஜப்பானியம், அதற்கு 'ஐ' வராது. அங்கேயும் 'நிஹொங்கோ க வகரிமஸ்'. ஆங்கிலம் வழியாக யோசிப்பவர்தான் இரண்டாம் வேற்றுமை போட்டுத் திருத்தப்படுவார்.

தமிழ் ஏமாற்றுகிற இடங்களும் உண்டு. 'இரு' என்ற வினை அங்கேயும் 'இரு'தான், பொருளும் அதேதான், ஆனால் உயிருள்ளவற்றுக்கு மட்டும். மேசை மேல் புத்தகம் இருந்தால் 'அரு'. ஒலியும் பொருளும் ஒன்றாக இருப்பதாலேயே தமிழர் இதில் நெடுநாள் தவறுவார்கள். இடத்தைச் சொல்லும் நம் 'இல்' அங்கே இரண்டாகப் பிரியும்: நூலகத்தில் இருந்தால் 'நி', நூலகத்தில் படித்தால் 'தெ' (மென்மையான த). பேருந்தில் ஏறுவதற்கு 'நி', பேருந்தில் போவதற்கு 'தெ'.

எழுவாய்க்குப் பின் வரும் 'வ', 'க' உருபுகளின் வேறுபாட்டுக்கு: 'யார் வந்தது?' போன்ற கேள்வியில் வினாச்சொல்லுக்கு எப்போதும் 'க', பதிலுக்கும் 'க'. நம் 'தான்' வரக்கூடிய இடம் என்றால் பெரும்பாலும் 'க' சரி. 'நான்தான் போகிறேன்': 'வதஷி க'. ஆனால் மழை பெய்கிறது என்று கண்டதைச் சொல்லும்போதும் 'க' வரும், அங்கே 'தான்' கிடையாது. அதைத் தனியாக மனதில் வையுங்கள்.

வேர்ச்சொல்

இவ்வளவு ஒற்றுமை இருக்கும்போது இரண்டும் ஒரே தாய்மொழி என்பது தெளிவாகிறதே? ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ அதைத்தானே நிறுவினார்?

மாத்திரை

அவர் முன்வைத்தார், நண்பரே. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வினை கடைசியில் வரும் மொழிகளில் பின்னுருபும் எச்சமும் இப்படி அமைவது பரவலாக உண்டு, கொரிய மொழியிலும் துருக்கியிலும் பார்க்கலாம். கற்பதற்கு ஒற்றுமை போதும், உறவு தேவையில்லை. இதற்கு வேறு இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.

தூரிகை

பண்பாட்டு நாட்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஜனவரியில் முதல் வகுப்பு பெரும்பாலும் 'ககிசொமெ', புத்தாண்டின் முதல் எழுத்து. கறுப்புச் சட்டை போட்டுப் போங்கள். மை துணியில் பட்டால் போகாது. தாள் ஏறக்குறைய 24 க்கு 33 செ.மீ. அடியில் கம்பளித் துணி, மேலே இரும்புப் பாரம். தாளின் வழவழப்பான பக்கத்தில்தான் எழுத வேண்டும், தடவிப் பார்த்தால் தெரியும். பெரிய தூரிகையை முழுக்க அல்லது முக்கால்வாசி பிரித்து மையில் தோய்க்கலாம். பெயர் எழுதும் சிறியதில் நுனியை மட்டும். சிறியதை அடிவரை பிரித்தால் கோடு தடித்துப்போய்ப் பெயரே எழுத முடியாது.

கோட்டின் முடிவு மூன்று வகை: நிறுத்து, கொக்கிபோல் மேலே தூக்கு, இழுத்துக் கரையவிடு. தமிழ் எழுதிப் பழகிய கை வளைவாகவே போகும், மூலை திரும்பும் இடத்தில் உருட்டிவிடும். அங்கே ஒரு கணம் நின்று, தூரிகையை அழுத்தி, பிறகு கீழே இறக்குங்கள். எழுதிய கோட்டின் மேல் மறுபடி தடவித் திருத்தக் கூடாது. கோணலாக இருந்தால் அடுத்த தாள்.

மையில் விலங்குப் பசை கலந்திருக்கும். தூரிகையை உடனே கழுவாவிட்டால் அடிமயிர் இறுகிவிடும், அடுத்த முறை விரியாது.

தேநீர் நாளில் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றிவையுங்கள், கிண்ணத்தில் கீறல் விழும். வெள்ளைக் காலுறை எடுத்துப்போங்கள். தாத்தாமியின் துணிக்கரையை மிதிக்காமல் தாண்டி நடக்க வேண்டும். இனிப்பைத் தேநீருக்கு முன்பே தின்று முடிக்க வேண்டும், நம் வீட்டுப் பழக்கத்தில் மாற்றி மாற்றிச் சாப்பிடக் கூடாது. மச்சா (பச்சைத் தேயிலைத் தூள்) ஏறக்குறைய 2 கிராம், 80 பாகை வெந்நீர் 70 மி.லி. கிண்ணம் வந்ததும் அடுத்து இருப்பவரிடம் 'ஒசகி நி' (உங்களுக்கு முன்னால் குடிக்கிறேன்) என்று சொல்லி, இடது உள்ளங்கையில் வைத்து, உரசெங்கெ மரபில் வலஞ்சுழியாக இரண்டு முறை திருப்பிக் குடியுங்கள். முகப்பு வேலைப்பாட்டில் வாய் வைக்காமல் இருக்கத்தான் அது. உதடு பட்ட இடத்தை விரலால் துடைத்து, எதிர்ப்புறம் திருப்பி வைக்க வேண்டும்.

மண்டியிட்டு உட்கார்ந்து கால் மரத்துப்போனால் எழ முயலாதீர்கள். கால்விரல்களை மடக்கி ஊன்றி, குதிகால் மேல் சற்று நேரம் உட்கார்ந்து, ரத்தம் ஓடிய பிறகு எழுங்கள். கிண்ணத்தோடு விழுந்தால் பழைய கிண்ணம் போய்விடும்.

மரக்கறிக்காரன்

ஆண்டு இறுதி விருந்துக்கு: 'பெஜிதரியன்' என்று மட்டும் சொன்னால் இறைச்சி இல்லாமல் மீன் சாறு ஊற்றிய உணவு வரும். அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. மிசோ சாறு, நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய் எல்லாவற்றிலும் 'தஷி' உண்டு. அது பெரும்பாலும் உலர்த்திச் சீவிய கத்சுவோ மீனில் எடுத்த சாறு. அதனால் 'நிகு தொ சகன வ தபெமசென். கத்சுவோ நொ தஷி மொ தமெ தெஸ்' (இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன், கத்சுவோ சாறும் கூடாது) என்று ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். 'கொம்பு' கடற்பாசியிலும் காய்ந்த ஷீதகே காளானிலும் எடுத்த சாறு இருக்கிறது, அதைக் கேட்கலாம். இனிப்பில் 'யோகன்' கடற்பாசியில் உறைவது. தொரயகியில் முட்டை உண்டு.

நிஷிகசாய்வாசி

இன்னும் சில விஷயங்கள் விட்டுப்போயின.

தன்னார்வலரிடம் 'ஏன் இங்கே இந்த உருபு?' என்று கேட்காதீர்கள். தாய்மொழி என்பதால் அவருக்கு விதி தெரியாது. நம்மை 'சாப்பிட்டுவிட்டேன்' இலக்கணம் கேட்டால் நாமும் திணறுவோம். இரண்டு வாக்கியம் சொல்லி 'இதில் எதைச் சொல்வீர்கள்?' என்று கேளுங்கள். உடனே, சரியாகப் பதில் வரும்.

'அனதா' என்ற சொல்லை 'நீங்கள்' என்று எண்ணிக் கற்பிப்பவரிடம் சொல்லாதீர்கள். பெயரோடு 'சன்' என்ற மரியாதை ஒட்டு, அல்லது 'சென்செ' (ஆசிரியர்). உங்கள் பெயருக்கு நீங்களே 'சன்' சேர்க்கக் கூடாது. உங்கள் அம்மா 'ஹஹ', எதிரே இருப்பவரின் அம்மா 'ஒகாசன்'.

வர முடியாவிட்டால் முந்தின நாளே தெரிவியுங்கள். உங்கள் ஒருவருக்காக ரயில் ஏறி வருபவர் இருக்கிறார். முடிந்ததும் மேசை நாற்காலியை முன்பிருந்தபடி வைப்பது எல்லோருடைய வேலையும்.

பெயரின் கதகனா எழுத்தை முதல் நாளே முடிவு செய்து வங்கி, வார்டு, வகுப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக எழுதுங்கள். வங்கிக் கணக்குப் பெயர் கதகனாவில் இருக்கும்; நெடில் கோடு ஒன்று மாறினாலும் பணப் பரிமாற்றம் திரும்பிவிடலாம். ல, ள, ழ, ர எல்லாம் ஒரே வரிசைக்குள் போய்விடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

பேரிடர்ப் பயிற்சி நாளைத் தவறவிடாதீர்கள். 1995 ஜனவரி 17 ஹன்ஷின் நிலநடுக்கத்தில் அறிவிப்புகள் புரியாமல் வெளிநாட்டவர் தவித்த பிறகுதான் 'யசஷீ நிஹொங்கோ', எளிய ஜப்பானியம், என்ற முயற்சி பிறந்தது. 'ஹினன்' என்ற கடினச் சொல்லுக்கு 'நிகெரு', ஓடித் தப்பு, என்று மாற்றிச் சொல்வது அதில் ஒன்று. ஆனால் ஒலிபெருக்கியில் 'ஹினன்' என்றும் வரும், இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். தீ, ஆம்புலன்ஸ் 119, காவல் 110. நிலநடுக்கத்தில் தொலைபேசி நெருக்கடியானால் குடும்பத்துக்குக் குரல் செய்தி விட 171: பதிய 1, கேட்க 2, ஒரு செய்திக்கு 30 விநாடி. மாதம் 1, 15 தேதிகளில் சோதித்துப் பார்க்கலாம். குடும்பத்தோடு ஒருமுறை செய்து பாருங்கள்.

கீழைக்காற்று

நன்றி, எல்லோருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தை கொண்டுவரும் தாள்களை வகுப்புக்கு எடுத்துப் போகலாமா? இரவு நேர நடுநிலைப் பள்ளியில் சேரலாம் என்றும் ஒருவர் சொன்னார்.

நிஷிகசாய்வாசி

தாளைத் தாராளமாக எடுத்துப் போங்கள், அதைவிட நல்ல பாடநூல் கிடையாது. 'மொச்சிமொனோ' (கொண்டுவர வேண்டியவை), 'ஷிமெகிரி' (கடைசி நாள்), 'தெய்ஷுட்சு' (ஒப்படைத்தல்) என்ற மூன்று சொல்லையும் காஞ்சியில் அடையாளம் காணப் பழகினால் பாதித் தாள் புரிந்துவிடும். முகவரி, பிள்ளையின் எண் உள்ள பகுதியை மட்டும் மறைத்துக்கொள்ளுங்கள்.

இரவு நடுநிலைப் பள்ளி இலவசம்தான், டோக்கியோவில் எட்டு அரசுப் பள்ளிகளில் இருக்கிறது, எதோகவாவிலும் ஒன்று. ஆனால் அது ஒன்பது ஆண்டுக் கட்டாயக் கல்வியை முடிக்காதவர்களுக்கானது. பட்டம் பெற்றவருக்கு இடம் கிடைக்காது. பள்ளிப்படிப்பு பாதியில் நின்றுபோனவர் குடும்பத்தில் இருந்தால் வார்டு கல்விக் குழுவில் கேளுங்கள். மொழியோடு கணக்கு, அறிவியல் எல்லாம் வாரம் ஐந்து மாலை சொல்லித்தருகிறார்கள்.